மரத்தை வெட்டுவதற்கு முன் மக்களிடம் எதைக் கேட்க வேண்டும்?

நகரவாசிகளிடம் மரம் வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்பவர்களே மிகுதி. அதே நகரத்தின் மாநகராட்சிக்கு வரும் புகார்களைப் புரட்டினால் வேறு குரல் கேட்கும். இலை விழுந்து சாக்கடை அடைக்கிறது, வேர் நடைபாதையைத் தூக்கிவிட்டது, கிளை மின்கம்பியில் உரசுகிறது, தெருவிளக்கு மறைகிறது, கடைப் பலகை தெரியவில்லை, வண்டி முழுக்கப் பறவை எச்சம். இரண்டையும் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே மக்கள்தான். இதை வெறும் முரண்பாடு என்று ஒதுக்கிவிட்டால் நகரத்து மரங்களைப் பற்றிய பொதுக்கருத்தை ஒருநாளும் புரிந்துகொள்ள முடியாது.

மரத்தின் நன்மை தெரு முழுக்கப் பரவுகிறது. அதன் தொல்லை பக்கத்திலிருக்கும் இரண்டு வீட்டின் தலையில் விழுகிறது. நிழலில் நடந்து போகிற நூறு பேரில் ஒருவரும் மாநகராட்சிக்கு நன்றிக் கடிதம் எழுதுவதில்லை. கழிவுநீர்க் குழாய்க்குள் வேர் புகுந்த வீட்டுக்காரர் மூன்று முறை எழுதுவார். அதனால் அலுவலகத்தில் சேரும் கோப்பு எப்போதும் வெட்டும் பக்கமே சாய்ந்திருக்கிறது. அந்த நூறு பேரின் கருத்து வெளியே வருவது ரம்பச் சத்தம் கேட்ட பிறகுதான். அதற்குள் வரைபடம் முடிந்து, ஒப்பந்தம் கையெழுத்தாகி, இயந்திரம் வந்து நிற்கும். வளரும் நகரங்களில் மரத்துக்காக நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்தக் காலதாமதத்தில் பிறந்தவை.

மரம் வேண்டாம் என்பவரை மரத்தின் எதிரி என்று எண்ணுவது இன்னொரு பிழை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2011 முதல் 2014 வரை ஒரு தொண்டு நிறுவனம் வீடுகளின் முன்னால் இலவசமாக மரம் நட்டுக் கொடுக்க முன்வந்தது. தகுதி பெற்ற 7,425 வீடுகளில் ஏறத்தாழ 1,800 வீட்டார், அதாவது நான்கில் ஒரு பங்கினர், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பேசியபோது அவர்களுக்கு மரத்தின் அருமை நன்றாகவே தெரிந்திருந்தது. எந்த மரம், எந்த இடம் என்பதை நிறுவனமே முடிவு செய்தது. இலையைக் கூட்டுவதும் முறிந்த கிளையை அப்புறப்படுத்துவதும் கடைசியில் தங்கள் வேலையாகிவிடும் என்று மக்கள் கணக்குப் போட்டார்கள். பழைய கசப்பும் இருந்தது. 1967 கலவரத்துக்குப் பிறகு தெருக்களிலிருந்த எல்ம் மரங்களை நகர நிர்வாகம் வெட்டியதை முதியவர்கள் மறக்கவில்லை. மரங்களுக்கு நோய் வந்துவிட்டது என்றது நிர்வாகம். ஹெலிகாப்டரிலிருந்து தங்களைக் கண்காணிக்கவே வெட்டினார்கள் என்று நம்பினார்கள் அங்கே வாழ்ந்த கறுப்பின மக்கள். தங்களைக் கேட்காமல் வெட்டிய கையே இப்போது கேட்காமல் நடவும் வருகிறது என்பதுதான் அவர்களின் மனக்குறை.

வேர் நடைபாதையைத் தூக்குவது ஏன்?

புகார்களில் முதலிடம் இதற்குத்தான், ஆகவே சற்று நின்று பார்க்க வேண்டும். வேர் வேண்டுமென்றே எதையும் உடைப்பதில்லை. அதற்கு நீர் வேண்டும், அதே அளவுக்குக் காற்றும் வேண்டும். உருளை ஓட்டி இறுக்கிய மண்ணில் இரண்டும் இல்லை. நடைபாதைக் கல்லுக்கு நேர் கீழே மணலும் சிறு இடைவெளியும் இருக்கும். கல்லின் அடிப்பகுதியில் ஈரமும் படிந்து நிற்கும். வேர் அங்கே ஓடுகிறது, ஆண்டுக்கு ஆண்டு பருக்கிறது, கல் எழும்புகிறது.

மண்ணின் அளவை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மரம் நன்றாக வளர, அதன் கிளைகள் கவிந்து நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 0.6 கன மீட்டர் நெகிழ்வான மண் வேண்டும் என்பது நகர மர வல்லுநர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. கிளைகள் 10 மீட்டர் அகலத்துக்கு விரிந்த மரம் சுமார் 78 சதுர மீட்டருக்கு நிழல் தரும். அதற்கு 47 கன மீட்டர் மண் தேவை. பெரும்பாலான தெருக்களில் அதற்குக் கிடைப்பது ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழமுள்ள ஒரு குழி, அதாவது 1 கன மீட்டர். மற்ற 46 கன மீட்டரை மரம் எங்கிருந்தாவது தேடிக்கொள்ளத்தான் வேண்டும். தேடிக்கொள்ள முடியாத மரம் குட்டையாகவே நின்று இளம் வயதில் பட்டுப்போகும். தேடிக்கொண்ட மரத்தின் மேல் புகார் வரும்.

இதற்கு மரத்தைச் சாய்ப்பது ஒன்றுதான் வழி என்று பொறியாளர்கள் சொல்லும்போது மக்கள் நம்பிவிடுகிறார்கள். வேர் ஓடும் பகுதியில் மட்டும் கல்லை எடுத்துவிட்டு நீர் இறங்கும் இளகிய தளம் போடலாம். விளிம்புக்கல்லை வேரின் மேல் மெலிதாகச் செதுக்கி வைக்கலாம். நடைபாதையை ஓரடி வளைத்துக் கொண்டுபோகலாம். இரண்டு மூன்று குழிகளை நிலத்துக்கடியில் ஒரே மண்பட்டையாக இணைக்கலாம். செலவு ஆகும்தான். ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே கருத்துக் கேட்கும் படிவத்தில் இருப்பதில்லை. 'வெட்டலாமா, பழுதான நடைபாதையே போதுமா' என்று இரண்டே விடை கொடுத்துக் கேட்டால், சக்கர நாற்காலியில் போகிறவர் வெட்டச் சொல்வது நியாயமே.

இதன் மறுபக்கம் இன்னும் வருத்தமானது. மரத்தைத் தொடாமலே கொல்லலாம். தண்டின் விட்டத்தைப்போல் 12 மடங்கு தூரத்துக்குச் சுற்றிலும் உள்ள மண்ணைக் காக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் கட்டுமானத் தரவிதி. 30 செ.மீ. தண்டுக்கு அது 3.6 மீட்டர். கேபிளுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் பள்ளம் தோண்டுகிறவர்கள் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வெட்டிக்கொண்டு போவார்கள். தாங்கும் வேர்களும் உறிஞ்சும் வேர்களும் பெரும்பாலும் மேல் மண்ணில், ஒரு மீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. ஒரு பக்கம் முழுக்க அறுபட்டாலும் அந்த ஆண்டு எதுவும் தெரியாது. அடுத்த ஆண்டு இலை சிறுக்கும். பிறகு உச்சிக் கிளைகள் நுனியிலிருந்து கருகி வரும். மூன்று, நான்கு ஆண்டு கழித்துப் புயலில் சாயும்போது 'பழைய மரம், தானாக விழுந்தது' என்று எழுதிக்கொள்வார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் மக்களின் மனத்தில் பெரிய மரம் என்றாலே ஆபத்து என்ற எண்ணம் இப்படித்தான் ஊன்றுகிறது.

அந்த அச்சத்தைக் கேலி செய்யக் கூடாது, கிளை விழுந்து உயிர் போவது உண்மை. ஆனால் எது ஆபத்து என்பதற்கு அடையாளங்கள் உண்டு. அடிமரத்தில் காளான் முளைத்திருப்பது, புதிதாகச் சாய்ந்து ஒரு பக்கம் மண் எழும்பியிருப்பது, இரு பெருங்கிளைகள் பிரியும் கவட்டில் விரிசல் ஓடுவது ஆகிய மூன்றையும் எவரும் கண்ணாலேயே பார்க்கலாம். பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது. பொந்தைச் சுற்றியுள்ள கெட்டியான மரச்சுவர், தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால் பொதுவாகத் தாங்கும். மரச்சுத்தியலால் தட்டிக் கேட்டும், மெல்லிய ஊசித் துளையிடும் கருவியால் அளந்தும் இதைச் சொல்லிவிட முடியும். புயலுக்கு முன் எச்சரிக்கையாக என்று எல்லா மரத்தையும் மொட்டையடிப்பதுதான் மிகக் கெட்ட வழக்கம். வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் பட்டையோடு மட்டும் ஒட்டிக்கொண்டு வளரும், மரத்தின் உள்ளே ஊன்றியிருக்காது. ஐந்தாறு ஆண்டில் அவை கனத்ததும் முதல் காற்றுக்கே கழன்று விழும். முறையான கவாத்து வேறு, மொட்டையடித்தல் வேறு.

ஒன்றுக்குப் பத்து என்னும் கணக்கு

ஒரு மரம் வெட்டினால் பத்துக் கன்று நடுவோம் என்ற உறுதிமொழியைக் கேட்டதும் எதிர்ப்பில் பாதி அடங்கிவிடுகிறது. எண்ணிக்கையில் அது பெருந்தன்மைபோல் தெரிகிறது. ஆனால் மக்கள் இழப்பது நிழல், அது எண்ணிக்கையில் அடங்காது. முன் சொன்ன 10 மீட்டர் மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிழற்பரப்பு 78.5 சதுர மீட்டர். ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்த நல்ல கன்றின் நிழற்பரப்பு 0.785 சதுர மீட்டர். நூறு கன்று நட்டால்தான் நட்ட அன்று கணக்குச் சமமாகும். பத்து நட்டால் பத்தில் ஒரு பங்கு. அவற்றில் பாதி பட்டுப்போனால் இருபதில் ஒரு பங்கு. கன்று அந்த 10 மீட்டர் அகலத்தை எட்ட மரத்தின் இனத்தைப் பொறுத்து இருபது, முப்பது ஆண்டு ஆகும். பேருந்துக்குக் காத்திருக்கும் முதியவருக்கு அந்த முப்பது ஆண்டு கிடையாது.

இடமும் மாறிப்போகிறது. வெட்டுவது நகரத்தின் நடுவில், நடுவது எல்லைக்கு வெளியே கிடைத்த ஒரு துண்டு நிலத்தில். நிழல் விழும் தரையின் வெப்பம் வெயில் படும் தரையின் உச்ச வெப்பத்தைவிட 11 முதல் 25 பாகை செல்சியஸ் வரை குறைவாக இருக்கக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. இந்தக் குளிர்ச்சி மரத்தடியிலும் அதைச் சுற்றியுள்ள சில பத்து மீட்டரிலும்தான் கிடைக்கும். இருபது கிலோமீட்டர் தள்ளி நட்ட கன்று இந்தத் தெருவின் தாரைக் குளிர்விக்காது.

வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுகிறோம் என்பது இன்னொரு வாக்குறுதி. வேரோடு சேர்த்து எடுக்கும் தாய்மண் கட்டியின் அகலம் தண்டின் விட்டத்தைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். 30 செ.மீ. தண்டுக்கு 3 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் என்று வைத்தால் ஏறத்தாழ 7 கன மீட்டர் மண். ஈரத்தோடு 11, 12 டன் கனக்கும், மரத்தின் எடை தனி. பெயர்ப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே சுற்றி வாய்க்கால் வெட்டி, வேரைக் கட்டம் கட்டமாக அறுத்து, அங்கே புது வேர் விடச் செய்ய வேண்டும். நட்ட பிறகு இரண்டு, மூன்று ஆண்டு நீர் ஊற்ற வேண்டும். ஒப்பந்தத்தில் இதற்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருந்தால், எல்லாக் கிளையையும் தறித்து ஒரு கம்பத்தைக் கொண்டுபோய் நடப்போகிறார்கள் என்று பொருள். துளிர் விட்டதும் படம் எடுத்து வெற்றி என்று அறிவிப்பார்கள். அது தண்டில் மிச்சமிருந்த சேமிப்பு. வேர் பிடித்ததா என்பது இரண்டாம் கோடையில்தான் தெரியும்.

பணமாக மதிப்பிடும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக மரங்களை வெட்டும் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2020-ல் அமைத்த நிபுணர் குழு, மரத்தின் வயதை ஆண்டுக்கு 74,500 ரூபாயால் பெருக்கி மதிப்பிடலாம் என்றது. ஆக்சிஜன், உரம் என்று கூட்டிப் போட்ட தொகை அது. திட்டச் செலவில் மரத்துக்கு விலையே இல்லை என்ற நிலையைவிட இது மேல். ஆனாலும் தெருவில் வந்து நிற்கிறவர்களின் மனத்தில் இருப்பது இந்தக் கணக்கல்ல.

இரவில் வெட்டினால் என்ன ஆகும்

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம் சாலைப் பராமரிப்பை 2012-ல் 25 ஆண்டு ஒப்பந்தமாகத் தனியாரிடம் கொடுத்தது. நகரில் சுமார் 36,000 தெருமரங்கள் இருந்தன. அவற்றில் 17,500 மரங்களை மாற்றுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது 2018-ல்தான் வெளியே தெரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நகரமன்றம் தெருத்தெருவாகக் கருத்துக் கேட்டது, தனிக் குழு ஒன்றையும் அமைத்தது. அந்தக் குழு காப்பாற்றச் சொன்ன மரங்களில் பலவற்றை நகரமன்றம் வெட்டியது. 2016 நவம்பர் 17 அதிகாலை இருட்டில், ரஸ்ட்லிங்ஸ் சாலையில் எட்டு மரங்களை வெட்ட ஆட்கள் வந்தார்கள். தூக்கத்திலிருந்து எழுந்து வந்து மறித்தவர்களில் எழுபது வயதைத் தொட்ட பெண்கள் இருவர் கைதானார்கள். அதுவரை ஒதுங்கியிருந்தவர்களும் அன்று முதல் தெருவுக்கு வந்தார்கள். 2018 மார்ச்சில் வெட்டு நின்றது. பின்னர் இரு தரப்பும் சேர்ந்து மரம் மரமாகப் போய்ப் பார்த்தபோது, வெட்டக் குறித்திருந்த பல மரங்களைச் சிறு சீரமைப்பிலேயே வைத்துக்கொள்ள முடிந்தது. 2023-ல் வந்த விசாரணை அறிக்கை நகரமன்றத்தின் ஒளிவுமறைவைக் கடுமையாகச் சாடியது.

2023 மார்ச் மாதம், இங்கிலாந்தின் பிளிமத் நகரின் ஆர்மடா வே கடைவீதியில் ஒரே இரவில் நூற்றுக்கு மேற்பட்ட மரங்கள் சாய்க்கப்பட்டன. நீதிமன்றத் தடை வந்தபோது மிஞ்சியவை சில. நகரமன்றத் தலைவர் பதவி விலக நேர்ந்தது. மும்பையின் ஆரே பகுதியில் மெட்ரோ பணிமனைக்காக 2,185 மரங்களை வெட்ட அனுமதி தரப்பட்டிருந்தது. 2019 அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அன்றிரவே வெட்டத் தொடங்கினார்கள். 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னபோது 2,141 மரங்கள் தரையில் கிடந்தன.

இந்த மூன்று ஊரிலும் மக்களைக் கொதிக்க வைத்தது ஒன்றே. மெட்ரோ வேண்டாம் என்று ஆரேயில் நின்றவர்களில் மிகப் பலர் சொல்லவில்லை, பணிமனையை வேறிடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பகலில் சொல்லிவிட்டு வெட்டியிருந்தால் எதிர்ப்பே இருந்திருக்காது என்பதல்ல. இரவு வெட்டு என்பது, உங்கள் கருத்து வருவதற்குள் முடித்துவிட்டோம் என்ற அறிவிப்பு. வளர்ச்சித் திட்டத்துக்கு ஆதரவாக இருந்தவரையும் அது எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். இதற்கு மாறாகப் பெங்களூரு இரும்பு மேம்பாலத் திட்டத்தில், 812 மரங்கள் போகும் என்ற செய்தி வேலை தொடங்கும் முன்பே பரவியது. 2016 அக்டோபரில் மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள், 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. நேரத்தில் கிடைத்த தகவலுக்கு அவ்வளவு வலிமை.

ஒரே நகரத்துக்குள்ளும் இழப்பு சமமாக விழுவதில்லை. அமெரிக்காவில் 1930-களில் வீட்டுக்கடன் தர உகந்தவை, உகாதவை என்று தெருக்களைத் தரம் பிரித்த வரைபடங்களை இன்றைய மரப்பரப்போடு 37 நகரங்களில் ஒப்பிட்டார்கள். அன்று முதல்தரம் பெற்ற பகுதிகளில் இன்று 43 சதவீதம் மரநிழல், கடைசித் தரத்தில் 23 சதவீதம். நெரிசலான பகுதியில் புதிய பூங்கா வருகிறது என்றால் வாடகைக்கு இருப்பவர் தயங்குவதற்கும் காரணம் உண்டு. பூங்கா வந்ததும் வாடகை ஏறி, நிழல் வரும்போது அவர் அங்கே இருக்கமாட்டார். வாடகைப் பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் பசுமையை மட்டும் பேசுகிறவர்களை அவர் நம்பாததில் வியப்பில்லை.

ஒரு மரம்கூட விழாமலும் பசுமை போய்விடும். விளையாட்டுத் திடலைச் சுற்றிக் கல் பதிப்பார்கள், புல்தரை வாகன நிறுத்தமாகும், குளக்கரை நடைமேடையாகும், கோப்பில் 'தரிசு' என்று எழுதிய புதர்க்காடு மனையாகும். மரக் கணக்கெடுப்பில் இவை எதுவும் வராது. மழை பெய்தால் நீர் இறங்க மண் இல்லாமல் தெருவில் நிற்கும்போதுதான் தெரியும். எண்ணுவதற்கு அடிமரம் இல்லாததால் எதிர்ப்பும் எழுவதில்லை. நகரப் பசுமையில் சத்தமில்லாமல் போகும் பெரும்பகுதி இதுதான்.

அப்படியானால் மக்களிடம் எப்படிக் கேட்பது? 2021-ல் நகர வனவியல் அறிஞர் செசில் கொனைனெண்டைக் முன்வைத்த 3-30-300 அளவுகோல் ஒரு நல்ல தொடக்கம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரம் தெரிய வேண்டும், ஒவ்வொரு பகுதியிலும் 30 சதவீதம் மரநிழல் வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா வேண்டும். முதல் எண்ணை எவரும் தன் சன்னலில் நின்றே சரிபார்க்கலாம். மூன்றாவது எண்ணை வான்வழியாக அளக்கக் கூடாது, நடந்து போகும் வழியில் அளக்க வேண்டும். நடுவில் ரயில்பாதை இருந்தால் 300 மீட்டர் பூங்கா ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். 30 சதவீதம் என்பது வெறும் ஆசையும் அல்ல. 93 ஐரோப்பிய நகரங்களை ஆராய்ந்து 2023-ல் லான்செட் இதழில் வந்த கட்டுரை, சராசரி 15 சதவீதமாக இருந்த மரப்பரப்பை 30 ஆக்கியிருந்தால் 2015 கோடையில் 2,644 உயிர்களைக் காத்திருக்கலாம் என்று மதிப்பிட்டது.

வெட்டுவதற்கான அறிவிப்பு வந்தால் படிக்க வேண்டியது சில உண்டு. மரங்களின் மொத்த எண்ணிக்கை மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு மரத்துக்கும் எண், இனம், மார்பளவு உயரத்தில் தண்டின் சுற்றளவு, கிளைகளின் அகலம், உடல்நிலை, வெட்டுவதற்கான காரணம் என்று தனி வரி வேண்டும். அந்தப் பட்டியலோடு தெருவில் நடந்து எண்ணினால் விடுபட்டவை தெரிந்துவிடும். குறிப்பிட்ட சுற்றளவுக்கு உட்பட்டவை மரமாகவே கணக்கில் வராத விதிகள் பல நகரங்களில் உண்டு. சிங்கப்பூரின் மரப்பாதுகாப்புப் பகுதிகளில் ஒரு மீட்டர் சுற்றளவைத் தாண்டினால்தான் அனுமதி கேட்க வேண்டும். டொராண்டோவில் தனியார் நிலத்து மரத்துக்கு அளவு 30 செ.மீ. விட்டம். அதற்குச் சற்றே குறைவான மரங்கள்தாம் பத்து ஆண்டில் பெருமரமாகப் போகிறவை. ஆகவே அவற்றையும் தனிப் பட்டியலாகக் கேளுங்கள். மாற்று வரைபடம் இருக்கிறதா, இருந்தால் எத்தனை மரம் தப்பும் என்பது அடுத்த கேள்வி. 'மாற்று ஆராயப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் இருந்தால், ஆராய்ந்த வரைபடத்தையே கேட்க வேண்டும். கிளைகளின் மொத்த நிழற்பரப்பு இன்று எவ்வளவு, பத்தாம் ஆண்டில் எவ்வளவு என்று சதுர மீட்டரில் எழுதித் தரச் சொன்னால் ஒன்றுக்குப் பத்து என்னும் மாயம் கலைந்துவிடும்.

மெல்போர்ன் இதை வேறு வழியில் செய்தது. 1997 முதல் 2009 வரை நீடித்த வறட்சியில் நகர மரங்கள் நலிந்தன. பத்து ஆண்டில் 27 சதவீதமும், இருபது ஆண்டில் 44 சதவீதமும் போய்விடும் என்று மாநகராட்சியே கணித்து வெளியிட்டது. எந்த மரத்துக்கு எத்தனை ஆண்டு மிச்சம் என்பதை வரைபடத்தில் வண்ணமிட்டுக் காட்டியது. 2012 திட்டத்தில் மரநிழலை 22 சதவீதத்திலிருந்து 2040-க்குள் 40 சதவீதமாக்க இலக்கு வைத்தது. ஒரே இனம் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் வரம்பு வைத்தது, ஒரே நோயில் எல்லாம் சாகாமலிருக்க. பழுதைத் தெரிவிக்க ஏறத்தாழ 70,000 மரங்களுக்கு எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தார்கள். மக்கள் பழுதைப் பற்றி எழுதியதோடு நிற்காமல் மரத்துக்கே அன்புக் கடிதமும் எழுதினார்கள். ஆண்டுதோறும் புகாரை மட்டுமே பார்த்த அலுவலகத்துக்கு, நிழலில் நடந்து போகிற அந்த நூறு பேரின் குரல் முதன்முறையாக எட்டியது. முதிர்ந்த மரத்தை அகற்றப்போவதை ஆண்டுகளுக்கு முன்பே சொன்னதால், அடுத்து என்ன மரம் நடுவது என்று தெருவாசிகளோடு உட்கார்ந்து பேசவும் முடிந்தது.

கடைசியாக, வெட்டுவதைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் கேட்க வேண்டியது பராமரிப்புப் பணத்தைப் பற்றி. நட்ட கன்றுக்கு வறண்ட மாதங்களில் வாரத்துக்கு 50 லிட்டரளவு நீர் வேண்டும், இரண்டிலிருந்து மூன்று ஆண்டு வரை. முட்டுக்கழியோடு கட்டிய கயிற்றை ஓராண்டில் அவிழ்க்காவிட்டால் அது பட்டையை அறுத்துவிடும். ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையை நட்ட நாளோடு முடித்துவிடாமல், மூன்றாம் ஆண்டு முடிவில் உயிரோடு நிற்கும் மரங்களை எண்ணிய பிறகே விடுவிக்க வேண்டும். எண்ணும்போது அந்தத் தெருவில் வசிக்கும் இருவரின் கையெழுத்தும் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டுப்போன இடத்தில் அடுத்த மழைக்கு முன் மறுநடவு செய்து, மூன்றாண்டுக் கணக்கை அந்தக் கன்றுக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.